என் மகளின் குடலில் எரிந்த காற்று

குடலுக்குள் இருக்கும் காற்று தீப்பிடிக்கக் கூடியது என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், நான் என் மகளை அந்த மேசைமேல் படுக்க வைத்திருப்பேனா?

இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. காலையில் அவளுக்குத் தலை வாரிவிடும்போது நிச்சயமாக மாட்டேன் என்று தோன்றுகிறது. மத்தியானம் அவள் துணிகளை அலசிக் காயப்போடும்போது, வேறு என்ன செய்திருப்பாய், இரத்தம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பாயா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பதில் தெரியாது என்பதை வைத்துக்கொண்டே, சொல்லாமல் விட்டது சரிதான் என்று இரண்டு டாக்டர்கள் என்னிடம் வாதாடினார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதினால் எழுத்து கோணும் என்பார் என் வீட்டுக்காரர். கோணட்டும்.

ராதாமணிக்கு ஐந்து வயது. அவள் வயிற்றின் இடப்பக்கத்தில் இப்போது ஒரு வாய் இருக்கிறது. குடலின் ஒரு வளைவை வெளியே எடுத்துத் தோலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மலம் அதன் வழியாகத்தான் வருகிறது. கொலாஸ்டமி என்று அதற்குப் பெயர். கீழே இருக்கும் குடல் ஆறியதும் இதை உள்ளே தள்ளி மூடிவிடலாம். ஆனால் அந்த வாய்க்கு மேலே, குடலுக்குள், இன்னொரு சதை மொட்டு இருக்கிறது. அதை என்ன செய்வது என்று முடிவெடுக்காமல் மூட முடியாது என்கிறார் கோயம்புத்தூர் டாக்டர். முடிவை எங்களிடம் விட்டுவிட்டார். தை பிறந்ததும் சொல்கிறோம் என்று தவணை வாங்கி வந்திருக்கிறோம்.

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் தோட்டம். நிலக்கடலையும் சோளமும் போடுகிறோம். கிணறு கைவிடாத வருஷம் கொஞ்சம் நெல். போன கோடையில் ஒருநாள் வரப்போரம் உட்கார்ந்திருந்த ராதாமணி, “அம்மா, எனக்குச் செகப்பா வருது பாரு” என்று பெருமையாகக் கூப்பிட்டாள். மண்ணில் மலத்தின்மேல் இரத்தம் கோடு போட்டிருந்தது. பூச்சி என்று நினைத்தேன். பூச்சி மருந்து கொடுத்தேன். சூடு என்றார்கள்; மோரும் வெந்தயமும் கொடுத்தேன். கோடாக இருந்தது சொட்டாக ஆனது. பிள்ளையின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. எங்கள் ஊர் டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இது நம்மால் ஆகாது, பாலக்காட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. பெயர் எழுதினால் அந்த ஒரு ஆஸ்பத்திரியின் கதையாகிவிடும். மற்ற இடங்களில் இருப்பவர்கள் நமக்கில்லை என்று நிம்மதியாகி விடுவார்கள்.

அங்கே டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், பிள்ளைக்கு என்ன என்று கேட்டாள். சொன்னேன். “அய்யோ, பெண்குட்டியல்லே, வெளியே சொல்லாதே” என்றாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் வயிற்றுவலி என்று சொன்னேன். என்ன வெட்கமோ, இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

டாக்டர் இளைஞர். கையுறை போட்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பயப்பட வேண்டாம். ஒரு மொட்டு போலத் தொங்குது. பாலிப்னு சொல்வோம்.” ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். குடலின் உள்சுவரில் மெல்லிய காம்பு ஒன்று, அதன் நுனியில் செர்ரிப் பழம்போல ஒரு சதை. இந்த வயதுக் குழந்தைகளுக்கு வருவதுதானாம், புற்று இல்லையாம். மலம் அதை உரசும்போது இரத்தம் வருகிறது. விளக்கு வைத்த குழாய் ஒன்றை ஆசனவாய் வழியாக விட்டு, காம்பில் ஒரு கம்பியைச் சுருக்குப் போட்டு, கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால் காம்பு பொசுங்கி அறுந்துவிடும். இரத்தக்குழாயும் கூடவே அடைந்துவிடும். “கத்தியே இல்லை. அடுத்த நாள் வீட்டுக்குப் போகலாம்.”

அவர் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. பத்தாவது முடித்த ஒருத்திக்குப் படம் போட்டு விளக்க ஒரு டாக்டர் நேரம் ஒதுக்கினாரே என்று மனம் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை நினைத்தால்தான் இன்னும் அதிகமாக எரிகிறது. காம்பு, கம்பி, மின்சாரம் எல்லாவற்றையும் வரைந்தவர், குழாயைச் சுற்றியிருந்த வெற்றிடத்தில் எதையும் வரையவில்லை. அங்கே காற்று இருக்கும், அந்தக் காற்று எரியும் என்பது அவர் படித்த பாடத்தில் இருந்ததுதான்.

குடல் சுத்தமாக இருக்க வேண்டும், கட்டியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது, நீராகாரம் மட்டும் என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள். ராதாமணி முதல் நாளே சோறு கேட்டு அழத் தொடங்கினாள். கஞ்சித் தண்ணீரைத் தட்டிவிட்டாள். இளநீரை இரண்டு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். ஏற்கெனவே இரத்தம் குறைந்த பிள்ளை. இப்படிக் கிடந்தால் மேசைமேல் எப்படித் தாங்கும் என்று பயந்தேன்.

மறுநாள் நங்கை வந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். தூக்குப்போசி நிறையக் கொள்ளுத்தண்ணீர் கொண்டு வந்திருந்தார். கொள்ளை வேகவைத்து, வடித்த நீரில் சீரகமும் உப்பும் போட்டது. எங்கள் வீடுகளில் காய்ச்சலில் கிடந்தாலும், பிரசவித்து எழுந்தாலும், உடம்பு தேறுவதற்கு இதைத்தான் கொடுப்போம். சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும், வயிற்றுக்குப் பாரமில்லை என்பது எங்கள் கணக்கு. வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டியிருந்தார். போசியின் அடி தெரிந்தது.

இருந்தாலும் நான் கேட்காமல் கொடுக்கவில்லை. எதையும் இரண்டு தரம் கேட்பவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். நங்கையையும் கூட்டிக்கொண்டு வார்டு சிஸ்டரிடம் போய்ப் போசியைக் காட்டினேன்.

“சிஸ்டர், இது கொள்ளு வேக வெச்ச தண்ணிங்க. குடுக்கலாமுங்களா?”

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். “முதிரயா? குதிரைக்குக் கொடுக்கிறது?”

“ஆமாங்க. ஆனா தண்ணி மட்டுந்தானுங்க. ஒரு பருப்புக்கூட இல்லைங்க.”

“வெள்ளம்போலே, தண்ணிபோலே இருந்தா கொடுக்கலாம். நல்லதுதான். நாளை கழிஞ்சா உங்க மோள் குதிரைபோலே ஓடும்.”

நாங்கள் மூவரும் சிரித்தோம். ராதாமணி டம்ளர் டம்ளராகக் குடித்தாள். அன்று மாலையும் குடித்தாள்.

குடலைக் கழுவ எனிமா என்று ஒன்று கொடுப்பார்கள். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரை ரப்பர் குழாய் வழியாக உள்ளே விடுவது. முதல் எனிமாவுக்கு அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். “அம்மா, சொல்லும்மா, வேண்டாம்னு சொல்லும்மா” என்று என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். தோலில் நகம் பதிந்தது. மறுநாள் காலை இன்னொன்று உண்டு என்றார்கள்.

மறுநாள் காலை அது நடக்கவில்லை. கரண்ட் போகப் போகிறது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் வந்தது. எனிமா இன்னும் கொடுக்கவில்லையே என்று சிஸ்டர் சொன்னது என் காதில் விழுந்தது. “நேற்று கொடுத்ததல்லே, மதி” என்றார் வந்தவர். போதும் என்று அர்த்தம். நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தது மட்டுமில்லை, பிள்ளை ஒரு கூச்சலிலிருந்து தப்பினாள் என்று சந்தோஷப்பட்டேன். எனிமாவை நிறுத்துவது எதற்கு ஆபத்து என்று எனக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருப்பேன். தெரியாதவளிடம் ஒழுங்காக நடந்துகொள் என்று மட்டும் சொன்னார்கள், நடந்துகொண்டேன்.

தியேட்டர் கதவின் வட்டக் கண்ணாடிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. நானும் நங்கையும் சுவரோரம் நின்றோம். என் வீட்டுக்காரர் காப்பி வாங்கப் போயிருந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. ஈரச் சாக்கைச் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டதுபோல. கூடவே ஒரு தட்டு விழுந்து உருண்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“என்னங்க அது?” என்றார் நங்கை, கதவைப் பார்த்து.

நான் கதவைத் தள்ளினேன். உள்ளேயிருந்து யாரோ மறுபக்கம் சாய்ந்துகொண்டு திறக்கவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்தார். முகமூடி கழுத்தில் தொங்கியது. “உள்ளே ஒரு சின்ன பிரச்னை. பார்த்துக்கிட்டிருக்கோம்” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மாடிக்கு ஓடினார். மாடியிலிருந்து மூத்த டாக்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு இறங்கினார்.

ராதாமணியை வெளியே கொண்டு வந்தபோது அவள் வயிறு உப்பி நின்றது. மயக்கம் தெளியத் தெளிய முனகினாள். போர்வை பட்டால்கூடத் துடித்தாள். நான் தொட்டேன். பலகைபோல இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். மூத்த டாக்டர்தான் வந்து விஷயத்தைச் சொன்னார். குடலுக்குள் இருந்த வாயு கம்பியின் பொறி பட்டு எரிந்திருக்கிறது. எரிந்த வேகத்தில் குடல் கிழிந்திருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய காற்று இப்போது வயிற்றறைக்குள் நிற்பது படத்தில் தெரிகிறது. காற்று வந்த வழியே அழுக்கும் வரும். வயிறு முழுக்கச் சீழ் வைத்துவிடும். உடனே வயிற்றைத் திறந்து தைக்க வேண்டும். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அதைச் செய்ய இங்கே வசதியில்லை, கோயம்புத்தூருக்குப் போங்கள்.

காருக்கு ஆள் ஓடியது. அந்த இடைவெளியில்தான் இளைய டாக்டர் வராந்தாவில் எங்களிடம் வந்தார்.

“குட்டிக்கு எந்தா கொடுத்தீங்க? சத்தியம் சொல்லுங்க.”

“சொன்னதைத்தானுங்க கொடுத்தேன். கஞ்சித்தண்ணி, எளநி, கொள்ளுத்தண்ணி.”

“முதிரயோ!” அவர் சத்தம் உயர்ந்தது. வராந்தாவில் நின்றவர்கள் பக்கமாகத் திரும்பினார். “முதிர கொடுத்திருக்கு! பின்னே கேஸ் வராதே இருக்குமா? படிச்ச ஸ்திரீதானே நீங்க?”

நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் சுவரோர மேசையில் பஞ்சு மடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. நங்கைதான் அவர் முன்னால் போய் நின்றார்.

“ஏனுங்க சிஸ்டரு, மோந்து பாத்துட்டு, குதிரையாட்ட ஓடும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? இப்ப வாயில என்னத்தைப் போட்டு அடைச்சிருக்கீங்க?”

சிஸ்டரின் கை நின்றது. கண் கலங்கியது. ஆனால் பேசவில்லை. அவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம் இருந்திருக்கும். அதை நான் புரிந்துகொள்கிறேன், மன்னிக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை, ‘நான்தான் கொடுக்கச் சொன்னேன்’ என்று சொல்லியிருந்தால், அந்த வராந்தாவில் என் பிள்ளையைக் கொன்றவளைப்போல நான் நின்றிருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குக் கடத்தப்படுவதைத் தடுக்கும் வாளையாறு செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு போலீஸ்காரர் காருக்குள் குனிந்து டார்ச் அடித்தார், பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டார். நங்கைக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. “ஏனுங்க, அரிசி அந்தப் பக்கமிருந்துதானுங்களே இந்தப் பக்கம் வரும்? இங்கிருந்து அங்க எவனாச்சும் கடத்துவானுங்களா? என்ற மடியில இருக்கறது கொழந்தை. வேணும்னா மூட்டையான்னு அமுக்கிப் பாத்துக்கோங்க!” போலீஸ்காரர் ராதாமணியின் முகத்தைப் பார்த்தார். ஓடிப்போய்த் தடுப்பைத் தூக்கி, லாரிக்காரர்களைத் திட்டி, வழி ஏற்படுத்திக் கொடுத்தார். அந்த நாளில் எங்களுக்கு மரியாதையாக உதவி செய்த முதல் அரசாங்க ஆள் அவர்தான்.

கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தவர் நரை விழுந்த சர்ஜன். பொழுது சாய்ந்தபின்தான் வெளியே வந்தார். பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்றார். கிழிந்த இடத்தைத் தைத்து, அது ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகாமல் இருக்க இந்த வாயை வைத்ததாகச் சொன்னார். பழைய மொட்டு அறுந்துவிட்டது, ஆனால் குடலைத் தடவிப் பார்த்ததில் மேலே இன்னொரு மொட்டு கைக்குத் தட்டுப்பட்டது என்றார். அதன் பிறகு வந்த நாட்களில் மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு ஊசி, வயிற்றின் வலப்பக்கம் சீழ் வடிய ஒரு ரப்பர் குழாய். காய்ச்சல் ஏறி இறங்கும். தாகம் என்று அழுவாள், தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைப்பேன். அவள் அந்தப் பஞ்சைக் கடித்து உறிஞ்சுவாள்; நான் பிடுங்குவேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நிற்பார். போனவர் ஒருநாள் தன் புது வேட்டியோடு திரும்பினார். அதைக் கிழித்துச் சதுரச் சதுரமாக மடித்தார். “பழசு அவளுக்குக் குத்தும்” என்றார். அந்த வாய்க்குமேல் வைக்கத் துணி வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

பிள்ளை கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகு சர்ஜனிடம் கேட்டேன், வயிற்றுக்குள் எப்படிங்க தீப்பிடிக்கும் என்று.

“உங்க பக்கத்துல யாராச்சும் சாண எரிவாயு அடுப்பு வெச்சிருக்காங்களாம்மா?”

“எங்க பங்காளி ஊட்டுல போட்டிருக்காங்க.”

“அந்தக் குழிக்குள்ள என்ன நடக்குது?”

“சாணி நொதிச்சுக் காத்தாகுதுங்க. பத்த வெச்சா நீலமா எரியுதுங்க.”

“பெருங்குடலும் அந்த மாதிரி ஒரு குழிதாம்மா.”

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். நாம் தின்பதில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்கு வருகிறது. பயறு, மொச்சை, கொள்ளு போன்றவற்றில் அப்படிச் செரிக்காத சர்க்கரை அதிகம். அது வேகவைத்த நீரிலும் இறங்கும், எவ்வளவு வடிகட்டினாலும் போகாது. பெருங்குடலில் வாழும் கிருமிகள் அதைத் தின்று ஹைட்ரஜன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. சிலர் குடலில் மீத்தேனும் உண்டு, சாணக்குழியில் வருவது அதுதான். இந்த வாயுக்கள் சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாது. எல்லோர் வயிற்றிலும் இருப்பவைதான். ஆனால் குழாயை விட்டுப் பார்க்கும்போது, குடல் விரிந்து கொடுக்கட்டும் என்று வெளிக்காற்றை ஊதுகிறார்கள். எரியும் வாயுவோடு வெளிக்காற்றும் கலந்து நிற்கும்போது மின்சாரக் கம்பி ஒரு பொறியைப் போட்டால் போதும். எப்போதும் நடப்பதில்லை, மிக அரிதாகத்தான் நடக்கும் என்றார். நடக்காமல் இருக்க வழியும் உண்டாம். குடலை நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். கம்பியைத் தொடும் முன் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, புதுக்காற்றை ஊதி, மறுபடி உறிஞ்சி, இப்படிப் பலமுறை மாற்ற வேண்டும். சில இடங்களில் வெளிக்காற்றுக்குப் பதிலாகக் கரியமில வாயுவை நிரப்புகிறார்கள். அதில் எதுவும் எரியாது.

“இது எல்லா டாக்டருக்கும் தெரியுமுங்களா?”

“படிச்சிருப்பாங்க.”

“அப்ப எங்ககிட்ட ஏனுங்க சொல்லலை?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாத்தையும் சொன்னா யாரும்மா மேசைமேல ஏறுவாங்க? சொல்லியிருந்தா நீங்க சம்மதிச்சிருப்பீங்களா?”

பிள்ளையைக் காப்பாற்றியவர். அவரிடம் நான் என்ன பேசுவது? கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் அதே வார்த்தையைப் பாலக்காட்டு டாக்டரும் சொன்னபோது என்னால் கும்பிட முடியவில்லை. அங்கே பாக்கியிருந்த பில்லைக் கட்டப் போயிருந்தோம். கோயம்புத்தூர்ச் செலவுக்கே ஒரு ஜோடி மாட்டை விற்றிருந்தோம். இவர்களுக்கு வேறு கொடுக்க வேண்டுமே என்றுதான் போனோம். அந்த இளைய டாக்டர் எழுந்து நின்று வரவேற்றார். குட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பில் ஒன்றும் வேண்டாம் என்றார். என் வீட்டுக்காரர் தலைகுனிந்து, “ரொம்ப உபகாரமுங்க” என்றார்.

நான் தலைகுனியவில்லை. “கொள்ளுத்தண்ணி குடுக்கக் கூடாதுன்னு ஏனுங்க சொல்லலை?”

“அது... எல்லாம் விரிவா சொல்ல முடியாதல்லே. பேடிச்சுப் போவீங்க. சொல்லியிருந்தா சம்மதிப்பீங்களா?”

“சம்மதிப்பனோ மாட்டனோ, அது அப்புறமுங்க. கொள்ளுத்தண்ணி குடுத்திருக்க மாட்டேன். ரெண்டாவது எனிமா குடுக்காம தூக்கிட்டுப் போக விட்டிருக்க மாட்டேன். பயந்துக்குவேன்னு சொல்லாம வெச்சீங்க. பயந்திருந்தா என்ற கொழந்தையோட வயிறு கிழிஞ்சிருக்காதுங்க.”

எனிமா என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். அது நடக்காதது அவருக்கே தெரிந்திருக்கவில்லை என்று அவர் முகத்தில் அப்போதுதான் கண்டேன். கேட்டிருக்கவில்லை. கம்பியைத் தொடும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் உட்கார்ந்தார்.

பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர், “ஊட்டுக்கு நல்லபடியா வந்துட்டா, அது போதாதா? எதுக்கு அவருகிட்ட அப்படிப் பேசுனே?” என்றார்.

“நீங்க எதுக்கு உபகாரம்னு சொன்னீங்க?”

“பில்லு வேண்டாம்னாரே...”

“நம்ம வாயை மூடறதுக்குத்தான் வேண்டாம்னாரு.”

கொல்லங்கோடு வரும்வரை பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வந்தோம். அவர்மேல் எனக்கு அன்று வந்த கோபம் நியாயமில்லை என்று தெரியும். ராத்திரி பகலாகத் துணி மாற்றிய மனிதர். ஆனாலும் வந்தது.

ஊரில் வந்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் கொள்ளுக்கதை எப்படியோ தெரிந்திருந்தது. “புஸ்தகம் படிக்கறவ, இது தெரியாம போச்சா?” என்று என் காதுபடவே கேட்டார்கள். நங்கை அவர்களைச் சும்மா விடவில்லை. “கொள்ளு காச்சுனது நானு. கேக்கறதை என்னைக் கேளுங்க” என்பார். அவர் தினமும் காலையில் வந்துவிடுகிறார். நான் சோளக்காட்டுக்குப் போகும் நேரத்தில் துணி மாற்றுவது அவர்தான். ஒருநாள்கூட முகம் சுளித்துப் பார்த்ததில்லை. ராதாமணி அந்த வாய்க்குக் கோழி என்று பெயர் வைத்திருக்கிறாள், காற்றுப் பிரியும்போது சத்தம் வருவதால். “அத்தை, கோழி கத்துது” என்பாள். “முட்டை போட்டுதான்னு பாரு, கண்ணு” என்பார் நங்கை. இரண்டு பேரும் உருண்டு சிரிப்பார்கள். காற்றுப் பிரியும் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் முதுகு சில்லிடுகிறது.

இப்போது முடிவுக்கு வர வேண்டும். சர்ஜன் மூன்று வழி சொல்கிறார்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வளைந்து கொடுக்கும் புதுக் குழாய் வந்திருக்கிறதாம். கண்ணாடி இழைகள் வழியாகப் பார்ப்பது. குடலின் கடைசிவரை போகுமாம். கொலனாஸ்கோப் என்கிறார்கள். வயிற்றில் இருக்கும் வாய் வழியாகவே அதை விட்டு, மொட்டைக் கம்பியால் எடுக்கலாம். கம்பி என்றால் அதே மின்சாரம்தான். குடலைக் கழுவ அங்கே எனிமாவுக்குப் பதில் மானிட்டால் என்று ஒரு இனிப்பு நீரைக் குடிக்கக் கொடுப்பார்களாம். அது உடம்பில் சேராமல் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுமாம். பிள்ளைக்கு வலியில்லை, நல்ல முறை என்கிறார். எனக்கு உடனே தோன்றியது வேறு. உடம்பில் சேராத இனிப்பு பெருங்குடலுக்குத்தானே போகும்? அதையும் அந்தக் கிருமிகள் தின்னாதா? கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “அங்க போய்க் கேளுங்கம்மா” என்றார். நான் அசட்டுத்தனமாகக் கேட்டேனா, சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை.

அது வேண்டாம் என்றால், வாயை மூடும் ஆபரேஷனின்போதே குடலைக் கத்தியால் திறந்து மொட்டை எடுத்துவிடலாம். பொறி இல்லை, தீ இல்லை. ஆனால் பெரிய ஆபரேஷனாகும், இன்னொரு தையல், மறுபடி சீழ் வைக்கும் பயம். இரண்டும் வேண்டாம் என்றால் மொட்டை அப்படியே விட்டு வாயை மூடிவிடலாம். சிறு பிள்ளைகளுக்கு வரும் இந்த மொட்டுகள் சில சமயம் காம்பு வாடித் தானே விழுந்துவிடுமாம். விழவும் செய்யலாம், மறுபடி இரத்தமும் வரலாம்.

என் வீட்டுக்காரர் கத்தி என்கிறார். நங்கை, இனி அவள்மேல் ஒரு கையும் படக்கூடாது என்கிறார். நான் தினம் ஒன்று சொல்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் உங்கள் பிள்ளைக்கோ உங்களுக்கோ இப்படிக் குழாய் விட்டு மின்சாரக் கம்பியால் மொட்டு எடுத்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எந்த நீரால் குடலைக் கழுவினார்கள்? எவ்வளவு நாள் என்னென்ன தின்னவேண்டாம் என்றார்கள்? கம்பியை வைக்கும் முன் உள்ளே இருந்த காற்றை மாற்றினார்களா, அதை நீங்கள் கேட்டா மாற்றினார்கள், கேட்காமலா? மொட்டைத் தொடாமல் விட்டு, அது தானே விழுந்த பிள்ளை யாராவது உங்கள் பக்கம் உண்டா? படிப்பவர்களில் டாக்டர்களோ நர்சுகளோ இருந்தால், அந்த இனிப்பு நீரைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் பயந்துவிடுவேன் என்று நினைத்து எதையும் மறைக்க வேண்டாம். பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தை பிறப்பதற்குள் எழுதினால் போதும்.